கான்டினென்டல் 1983, யுனைடெட் 1985: ஸ்ட்ரைக் நேரத்தில் பறந்த விமானிகள் எல்லாருமே கருங்காலிகளா?

ஓடுபாதை:
ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் இழையில் ஒருவர் "ஸ்ட்ரைக் நேரத்தில் பறந்தவனுக்கு மன்னிப்பே கிடையாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அங்கேயே கிளறினால் பேச்சு திசைமாறும் என்பதால் தனி இழை.

எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. அமெரிக்காவின் கான்டினென்டல் ஏர்லைன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிராங்க் லொரென்சோ கையில் இருந்த அந்த நிறுவனம் 1983 செப்டம்பர் 24 அன்று திவால் மனு கொடுத்தது. கஜானா காலியாகிவிடவில்லை. தொழிற்சங்க ஒப்பந்தங்களிலிருந்து கழன்றுகொள்ள அது ஒரு வழி, அவ்வளவுதான். ஏறத்தாழ 12,000 பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மூன்றே நாளில் அவர்களில் சுமார் 4,000 பேரை மட்டும் குறைந்த சம்பளத்துக்குக் கூப்பிட்டு மறுபடியும் பறக்கத் தொடங்கியது. கேப்டன் சம்பளம் ஆண்டுக்கு 43,000 டாலர். முன்பு வாங்கியதில் ஏறத்தாழ பாதி. அக்டோபர் 1 அன்று விமானிகள் சங்கமான ஆல்பா வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அது 1985 அக்டோபர் கடைசி வரை இழுத்தது.

இரண்டு வருடம்! அதற்குள் பறந்தவர்கள் ஒரே வகை இல்லை. முதல் நாளிலிருந்தே வெளியே வராதவர் உண்டு. பல மாதம் மறியலில் நின்று, தாங்க முடியாமல் உள்ளே போனவர் உண்டு. 1982 மே மாதம் பிரானிஃப் நிறுவனம் மூடப்பட்டதில் வேலை போய், எங்கே காக்பிட் கிடைக்கும் என்று அலைந்துகொண்டிருந்து, வெளியிலிருந்து வந்து சேர்ந்தவரும் உண்டு. ஸ்ட்ரைக்கை மீறிப் பறந்தவர்களின் பெயர்களைச் சங்கம் பட்டியல் போட்டு வைத்தது. அந்தப் பட்டியலில் எல்லாருக்கும் ஒரே பெயர்தான், கருங்காலி. அது நியாயமா? என் எண்ணத்தை அப்புறம் சொல்கிறேன்.

பழைய யூனியன்காரன்:
நியாயம்தான் தோழரே. உள்ளே போகிறவனுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். வெளியே நிற்கிறவனுக்கும் அதே ஆயிரம் காரணம் இருக்கிறது. அவன் பிள்ளைக்கும் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டும், அவன் தலையிலும் வீட்டுக் கடன். இருந்தும் நிற்கிறான். அவன் நிற்பதால் நாளைக்குச் சம்பளம் கூடினால் உள்ளே போனவனும் கை நீட்டி வாங்கிக்கொள்வான்.

அம்பத்தூரில் நாங்கள் ஒரு ஆலை வாசலில் நின்ற காலத்தில் உள்ளே போனவர்கள் வீட்டு விசேஷங்களுக்கு நாங்கள் யாரும் போனதில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதும் இல்லை.

கணக்குப்பிள்ளை:
எல்லாரும் உணர்ச்சிவசப்படுவதற்கு முன்னால் ஒரு தேதியைப் பாருங்கள். 1983 ஆகஸ்ட் 13. அன்றுதான் கான்டினென்டல் மெக்கானிக்குகள் ஸ்ட்ரைக்கில் இறங்கினார்கள். விமானிகள் என்ன செய்தார்கள்? மெக்கானிக்குகளின் மறியலைத் தாண்டிப் போய் விமானத்தை எடுத்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1981 ஆகஸ்டில், வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் 11,000க்கும் மேற்பட்டவர்களை அமெரிக்க அதிபர் ரீகன் வேலையை விட்டு அனுப்பினார். அப்போதும் விமானிகள் பறந்துகொண்டேதான் இருந்தார்கள்.

தன் முறை வந்ததும்தான் மறியல் புனிதமாகிறதா? இதே ஆட்கள்தான் அப்புறம் அடுத்தவரைக் கருங்காலி என்றார்கள்.

பழைய யூனியன்காரன்:
அது தப்புதான். மூடி மறைக்க மாட்டேன். மெக்கானிக் நின்ற இடத்தில் அவர்களும் நின்றிருந்தால் லொரென்சோவுக்கு அத்தனை துணிச்சல் வந்திருக்காது. அதற்கான விலையை ஏழே வாரத்தில் கொடுத்தார்கள். ஆனால் 1989 மார்ச் 4 அன்று ஈஸ்டர்னில் மெக்கானிக்குகள் வெளியேறியபோது விமானிகளும் கூடவே வெளியேறினார்கள். அதுவும் அதே லொரென்சோ கையில் இருந்த நிறுவனம். இந்த முறை பாடம் படித்திருந்தார்கள்.

கணக்குப்பிள்ளை:
படித்து? நவம்பரில் விமானிகள் ஸ்ட்ரைக்கைக் கைவிட்டார்கள். 1991 ஜனவரியில் ஈஸ்டர்ன் என்ற நிறுவனமே இல்லை.

விங்லெட்:
உள்நாட்டு நிறுவனம் ஒன்றில் கோ-பைலட்டாக இருக்கிறேன். பெயர் வேண்டாம்.

இங்கே பேசுகிறவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார்கள் என்று தோன்றுகிறது. அமெரிக்காவில் ஒரு விமானிக்கு உண்மையான சொத்து சம்பளம் இல்லை, சீனியாரிட்டி எண். எந்த ரக விமானம், எந்த ஊர், எந்த மாதம் விடுமுறை, தீபாவளிக்கு (அவர்களுக்கு கிறிஸ்துமஸுக்கு) வீட்டில் இருக்க முடியுமா, எப்போது கேப்டன் ஆவது, ஆட்குறைப்பு வந்தால் முதலில் யார் போவது, எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். அந்த எண்ணை இன்னொரு நிறுவனத்துக்கு எடுத்துப் போக முடியாது. இருபது வருடம் பறந்த கேப்டன் நிறுவனம் மாறினால் அங்கே கடைசி ஆள். கோ-பைலட்டின் வலது இருக்கை, அடிமட்டச் சம்பளம், நள்ளிரவு ஷிஃப்ட்.

அதனால் "பிடிக்காவிட்டால் வேறு வேலைக்குப் போக வேண்டியதுதானே" என்று ஐ.டி. ஆளிடம் சொல்வதுபோல விமானியிடம் சொல்ல முடியாது. அதே காரணத்தால், மறியலைத் தாண்டுவது ஒரு நாள் கூலி விஷயமும் இல்லை. ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்ற பத்துப் பேர் நியாயம் கேட்க ஒதுங்கினால், பின்னால் நின்றவர் முன்னால் போய் நின்றுகொள்வது மாதிரி. என் கேள்வி: ஸ்ட்ரைக் முடிந்தால் அந்த இடம் திரும்புமா?

ஆதிரை:
திரும்பாது. சட்டப்படியே திரும்பாது. (தொழிலாளர் வழக்குகள் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளும்.)

ஸ்ட்ரைக் செய்கிறவரை வேலைநீக்கம் செய்யக் கூடாது, ஆனால் அவர் இடத்தில் நிரந்தரமாகவே வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1938இல் மெக்கே ரேடியோ வழக்கில் சொன்னது. கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் இன்றுவரை அதுதான் நிலை. 1986இல் டி.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் பணிப்பெண்கள் ஸ்ட்ரைக் செய்தார்கள். பாதியில் உள்ளே போன ஜூனியர்களுக்கு நல்ல ஊர்களும் நல்ல நேரங்களும் கிடைத்தன. ஸ்ட்ரைக் முடிந்து சீனியர்கள் வந்து "எங்கள் இடம்" என்றார்கள். தர வேண்டியதில்லை என்று 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது தாண்டினால் வரிசையில் முன்னே போகலாம் என்று சட்டமே ஆசை காட்டுகிறது.

கான்டினென்டல் கதையின் முடிவு இன்னும் மோசம். 1985 செப்டம்பரில் நிறுவனம் 441 கேப்டன், கோ-பைலட் இடங்களுக்கு ஒரே அறிவிப்பில் விண்ணப்பம் கேட்டு, அவை உள்ளே பறப்பவர்களுக்குத்தான் என்றது. அந்தச் சமயம் உள்ளே 1,600 விமானிகள், வெளியே 1,000 பேர்தான். சங்கம் தோற்றுப்போன நிலையில் பேச உட்கார்ந்தது. முடிவு: முதல் 100 கேப்டன் இடங்கள் உள்ளே இருந்தவர்களுக்கு. அடுத்த 70 வெளியே நின்றவர்களுக்கு. அதற்கு மேல் ஒன்றுக்கு ஒன்று. வேண்டாம் என்பவர் பணியாற்றிய ஆண்டுக்கு 4,000 டாலர் கணக்கில் வாங்கிக்கொண்டு போகலாம்.

இரண்டு வருடம் தெருவில் நின்றவர்கள் தங்கள் சங்கத்தின் மீதே வழக்குப் போட்டார்கள். நிபந்தனையில்லாமல் சரணடைந்திருந்தால்கூட இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்பது அவர்கள் வாதம். 1991இல் உச்ச நீதிமன்றம், பின்னால் பார்க்கும்போது அது மோசமான உடன்பாடாகத் தெரியலாம், ஆனால் அறிவுக்கு ஒவ்வாத முடிவு என்று சொல்ல முடியாது என்று வழக்கைத் தள்ளியது. ஆக, தாண்டியவர் முன்னே, நின்றவர் பின்னே என்ற வரிசையில் கடைசியில் சங்கமே கையெழுத்துப் போட்டது.

சிவகாசி செல்வம்:
படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. லொரென்சோ மட்டும் என்ன ஆனார்?

ஆதிரை:
ஈஸ்டர்ன் 1989 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. அடுத்த வருடம் ஏப்ரலில் திவால் நீதிபதி நிர்வாகத்தை அவரிடமிருந்து பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்தார். ஏழையாகிவிட்டார் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஓடுபாதை:
ஆதிரை அக்கா, நன்றி. நான் சொல்ல வந்ததற்கு இதுதான் வேண்டியிருந்தது. இப்போது யுனைடெட்.

1985இல் யுனைடெட் தலைவர் ரிச்சர்ட் ஃபெரிஸ் இரண்டடுக்குச் சம்பளம் கேட்டார். ஏற்கெனவே இருக்கும் விமானிகளுக்குப் பழைய அளவு, புதிதாகச் சேருபவர்களுக்கு மிகக் குறைந்த அளவு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1983இலேயே இதைக் கொண்டுவந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள், ஓட்டுப் போடும் ஒருவருக்குக்கூட ஒரு டாலர் குறையாது. வெட்டு விழுவது இன்னும் வேலைக்கே வராத ஆட்களுக்கு. நாம் பார்த்த எத்தனை சங்கங்கள் இப்படிப்பட்ட விஷயத்துக்கு வெளியே வரும்? சுமார் 5,000 விமானிகள் மே 17 அன்று வெளியே வந்தார்கள். 29 நாள்.

இதில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஸ்ட்ரைக் வரும் என்று தெரிந்தே நிறுவனம் 570 புது விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்து வைத்திருந்தது. ஸ்ட்ரைக் தொடங்கும் நாளில் வேலைக்கு வா, வந்தால்தான் வேலை என்றது. இவர்கள் சங்க உறுப்பினர்கள்கூட இல்லை. யுனைடெட்டில் கேப்டன் ஆவது என்பது அந்தக் காலத்து அமெரிக்கப் பையன்களுக்குப் பெரிய கனவு. உள்ளே போயிருந்தால் சட்டம் அவர்கள் பக்கம், நிறுவனம் அவர்கள் பக்கம். மிகச் சிலரைத் தவிர யாரும் போகவில்லை.

சம்பள விஷயம் பெருமளவு பேசி முடிந்த பிறகும் ஸ்ட்ரைக் நீண்டதற்கு இவர்களும் ஒரு காரணம். இவர்கள் எங்கள் ஊழியர்களே இல்லை என்று நிறுவனம் சொன்னது, இவர்களை விட்டுவிட்டுத் திரும்ப மாட்டோம் என்று சங்கம் சொன்னது. பிறகு சிகாகோ நீதிமன்றம் இவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது.

இப்போது என் எண்ணம். விமானத்தை எடுத்துப் பறந்தாரா என்பதை வைத்து நான் ஒருவரை எடைபோட மாட்டேன். வெளியே நிற்பவருடைய எதை அவர் தனதாக்கிக்கொண்டார் என்று பார்ப்பேன். கான்டினென்டலில் தன் கேப்டன் நாற்காலியிலேயே உட்கார்ந்து பாதிச் சம்பளத்துக்கு ஓட்டியவர் பலவீனமானவர். பிரானிஃபில் வேலை போய் வந்தவர் பாவப்பட்டவர். ஆனால் தனக்கு மேலே இருந்தவர்கள் வாசலில் நிற்கும் நேரம் பார்த்து விண்ணப்பம் போட்டு, அவர்களைத் தாண்டி கேப்டன் ஆனாரே, அவர் திருடினார். பட்டியலில் மூன்று பேருக்கும் ஒரே பெயர் கொடுப்பது திருடனுக்குத்தான் வசதி.

பழைய யூனியன்காரன்:
பேச அழகாக இருக்கிறது. வாசலில் நிற்கும்போது உபயோகமில்லை. "பலவீனமானவர்" நூறு பேர் உள்ளே போனால்தான் விமானம் கிளம்பும். விமானம் கிளம்பினால்தான் முதலாளி இரண்டு வருடம் தாக்குப்பிடிப்பான். அவன் தாக்குப்பிடித்தால்தான் உங்கள் "திருடன்" விண்ணப்பம் போட முடியும். பலவீனமானவர் இல்லாமல் திருடன் இல்லை.

மெல்பர்ன் நிமலன்:
அவுஸ்திரேலியாவில் 1989இல் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விமானிகள் 29.47 வீதச் சம்பள உயர்வு கேட்டார்கள். ஒகஸ்ட்டில் காலை 9 மணிமுதல் பின்னேரம் 5 மணிவரை மட்டும்தான் பறப்போம் என்று தொடங்கினார்கள். நிறுவனங்கள் வழக்குப் போட வெளிக்கிட்டதும், இழப்பீட்டு வழக்கிலிருந்து தப்புவதற்காக 1,600க்கு மேற்பட்டோர் ஒரேயடியாக ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். பிரதமர் பொப் ஹோக் விமானப்படை விமானங்களைச் சனத்தை ஏற்றி இறக்க விட்டார். அந்த மனிதர் முன்பு நாட்டின் தொழிற்சங்கச் சம்மேளனத்துக்கே தலைவராக இருந்தவர்!

சங்கம் தோற்றது. வெளிநாட்டு விமானிகள் வந்து இடத்தை நிரப்பினார்கள், பழையவர்கள் பலர் வேலை தேடி வெளிநாடு போனார்கள். ஓடுபாதையின் அளவுகோல் இங்கே எப்படிப் பொருந்தும் என்று எனக்கு விளங்கவில்லை. ராஜினாமாச் செய்துவிட்ட பிறகு அந்தக் கதிரை யாருடையது? சட்டப்படி ஒருவருடையதும் இல்லை. வந்து உட்கார்ந்தவர் யாரிடம் இருந்து திருடினார்? இருந்தும் அவர்களுடைய பெயர்களும் ஒரு பட்டியலில் ஏறின.

ஓடுபாதை:
நல்ல கேள்வி அண்ணா. ராஜினாமா என்பது வழக்குக்குப் பயந்து போட்ட வேஷம், நிஜமான விலகல் இல்லை என்பது வந்து உட்கார்ந்தவருக்கும் தெரியும். தெரிந்தே உட்கார்ந்தார். ஆனால் வரிசையே கலைந்துபோன இடத்தில் திருட்டு என்ற சொல்லை அவ்வளவு உறுதியாகப் போட எனக்கும் தயக்கம்தான்.

தேன்மொழி:
நடுவில் ஒரு சின்னக் கேள்வி. அந்தக் கான்டினென்டல், திரும்பப் பறக்க ஆரம்பித்தபோது நேரடி உள்நாட்டுப் பயணம் எதுவானாலும் 49 டாலர் என்று டிக்கெட் விற்றதாகப் படித்திருக்கிறேன். அதை வாங்கி ஏறிய பயணி? அவரும் தாண்டியவர்தானே? பைலட்டுக்கு மட்டும் பட்டியல், நமக்குக் கிடையாதா?

கணக்குப்பிள்ளை:
இப்போதுதான் சரியான இடத்துக்கு வந்தீர்கள். பயணி மலிவு டிக்கெட்டைத் தேடுவார், அது அவர் உரிமை என்பீர்கள். பைலட் கிடைக்கிற வேலையைத் தேடினால் துரோகம்.

ஆதிரை:
பயணிக்கும் பங்கு உண்டு, சந்தேகமில்லை. ஆனால் அவர் அந்தச் சங்கத்தில் சேர்ந்து, ஒப்பந்தத்தின் பலனை வருடக்கணக்கில் வாங்கி, ஓட்டெடுப்பில் கலந்துகொண்டவர் இல்லையே. கடமை என்பது உறவிலிருந்து வருவது. அதனால்தான் வெளியிலிருந்து வந்த பிரானிஃப் விமானியையும், பத்து வருடம் சந்தா கட்டிவிட்டு உள்ளே போன கேப்டனையும் ஒரே தராசில் வைக்க என்னாலும் முடியவில்லை. இதில் மட்டும் ஓடுபாதை பக்கம்.

சிவகாசி செல்வம்:
நம் ஏர் இந்தியாவைப் பற்றி யாருமே பேசவில்லையே? 2012இல் இரண்டு மாதம் நாறியது.

விங்லெட்:
அது வேறு கதை சார். 2007இல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் இணைத்தார்கள், ஆனால் விமானிகளுக்கு இரண்டு சங்கங்கள் அப்படியே இருந்தன. 2011இல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சம்பளச் சமத்துவம் கேட்டு நின்றார்கள், ஏப்ரல் 27இலிருந்து பத்து நாள். பழைய ஏர் இந்தியா பக்கத்து விமானிகள் பறந்தார்கள். 2012 மேயில் ஏர் இந்தியா பக்கத்து சங்கம், ட்ரீம்லைனர் (போயிங் 787) விமானப் பயிற்சியை இந்தியன் ஏர்லைன்ஸ்காரர்களோடு பங்குபோடக் கூடாது என்று 58 நாள் நின்றது. இந்த முறை இந்தியன் ஏர்லைன்ஸ்காரர்கள் பறந்தார்கள்.

இதில் யார் யாருடைய மறியலைத் தாண்டினார்கள்? 2012 போராட்டமே, சுருக்கமாகச் சொன்னால், அடுத்த காக்பிட்டில் இருக்கிறவருக்கு எதிரானது. எனக்கு எதிராக நீங்கள் நடத்தும் ஸ்ட்ரைக்கில் நான் ஏன் உங்களோடு நிற்க வேண்டும்? யுனைடெட்காரர்கள் வரப்போகும் ஆளுக்காக நின்றார்கள், இங்கே கூட இருக்கும் ஆளைத் தள்ளி வைக்க நின்றார்கள். மறியலுக்கு என்ன மரியாதை என்பது அது எதற்காக என்பதைப் பொறுத்தும் இருக்கிறது இல்லையா?

பழைய யூனியன்காரன்:
இதை ஒத்துக்கொள்கிறேன் தம்பி. தொழிலாளிக்கு எதிரான ஸ்ட்ரைக் ஸ்ட்ரைக்கே இல்லை. ஆனால் இதை யார் முடிவு செய்வது என்பதில் ஜாக்கிரதை. உள்ளே போக நினைக்கும் ஒவ்வொருவனும் "இது நியாயமான ஸ்ட்ரைக் இல்லை" என்றுதான் சொல்லிக்கொண்டு போவான்.

கணக்குப்பிள்ளை:
பட்டியல் விஷயத்துக்கு வருவோம். நாற்பது வருடம் ஆன பிறகும் பெயர்கள் இணையத்தில் சுற்றுகின்றன. கொலைக் குற்றவாளிக்குக்கூட தண்டனை ஒரு நாள் முடிகிறது. நீதிமன்றங்கள் இதை எப்படி அனுமதிக்கின்றன?

ஆதிரை:
அனுமதித்துவிட்டன. வர்ஜீனியாவில் தபால்காரர் சங்கம் ஒன்று தன் செய்திமடலில், சங்கத்தில் சேராதவர்களின் பெயர்களைக் கருங்காலிகள் பட்டியல் என்றே அச்சிட்டது. அங்கே ஸ்ட்ரைக் கூட நடக்கவில்லை! அவதூறு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தொழில் தகராறில் இப்படிக் காரமாகப் பேசுவது அவதூறு ஆகாது என்று 1974இல் சொல்லிவிட்டார்கள். ஈஸ்டர்னில் மாற்று விமானிகளாகப் பறந்த சிலர் ஆல்பாவின் பட்டியலை எதிர்த்துப் போட்ட வழக்கிலும் 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சங்கத்தின் பக்கம்தான் நின்றது.

விங்லெட்:
வெறும் பெயர் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க விமானிகள் பலர் ஒரு ஊரில் குடியிருந்து இன்னொரு ஊரிலிருந்து பறப்பவர்கள். வேலைக்குப் போவதே வேறு நிறுவன விமானத்தின் காக்பிட்டில் இருக்கும் ஜம்ப் சீட் என்ற உபரி இருக்கையில் உட்கார்ந்துதான். அதைக் கொடுப்பதும் மறுப்பதும் அந்த விமானத்தின் கேப்டன் விருப்பம். பட்டியலில் பெயர் இருந்தால் "மன்னிக்கவும், இடமில்லை". ஓய்வு பெறும்வரை இப்படி.

அதைவிட எனக்குப் பயமாக இருப்பது காக்பிட்டுக்குள் நடப்பது. யுனைடெட்டில் 1985க்குப் பிறகு, நின்றவரும் தாண்டியவரும் ஒரே விமானத்தில் அமர்ந்தால் செக்லிஸ்ட்டில் உள்ளதைத் தவிர ஒரு வார்த்தை பேசாமல் பறந்த கதைகள் நிறைய உண்டு. "ஏதோ சரியில்லையே" என்று ஒருவர் சும்மா வாய்விட்டுச் சொல்வதுதான் பல விபத்துகளைத் தடுத்திருக்கிறது. அந்தப் பேச்சையே நிறுத்திவிட்டு ஆறு மணி நேரம் பறப்பது பின்னால் இருக்கும் இருநூறு பேருக்குச் செய்யும் நியாயம் இல்லை. இதில் நான் தாண்டியவரைவிடப் பேசாமல் இருப்பவரைத்தான் குறை சொல்வேன்.

ஓடுபாதை:
முழுக்க உடன்படுகிறேன். ஜம்ப் சீட்டையும் நான் மறுக்க மாட்டேன். ஒருவருடைய சோற்றில் கை வைக்கக் கூடாது என்றுதானே ஸ்ட்ரைக்கே நடந்தது. தண்டனை சங்கத்துக்குள் இருக்கட்டும். தாண்டியவருக்கு அங்கே பதவியும் ஓட்டும் கிடையாது, அவ்வளவு போதும்.

பழைய யூனியன்காரன்:
நான் மறுப்பேன். சோற்றில் முதலில் கை வைத்தது யார்?

ஆதிரை:
ஓடுபாதை, உங்கள் யோசனையில் ஒரு ஓட்டை இருக்கிறது. கான்டினென்டலில் கடைசியில் உள்ளே 1,600, வெளியே 1,000. உள்ளே இருந்தவர்களை எல்லாம் சங்கத்துக்கு வெளியே வைத்தால் சங்கம் சிறுபான்மை ஆகிவிடும். ஓட்டு இல்லாதவர் அடுத்த ஸ்ட்ரைக்கில் எதற்கு வெளியே நிற்க வேண்டும்? அவர்களைச் சேர்த்துக்கொண்டால், வாசலில் நின்ற 1,000 பேர் அந்தக் கூட்டத்துக்கு வருவார்களா?